இடுப்பிலா, பாக்கெட்டிலா, பையிலா: கைத்துப்பாக்கியை மறைத்துச் சுமக்க எது வசதி?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வாங்கி, பயிற்சி முடித்து, ஹோல்ஸ்டரும் (துப்பாக்கி உறை) மாட்டிக்கொண்டவர்களில் பலர் இரண்டாவது வாரத்திலேயே சொல்வது இது: "இடுப்பில் குத்துகிறது, காரிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்." ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. கார் டேஷ்போர்டுப் பெட்டியைத்தான் திருடன் முதலில் திறப்பான். உணவகக் கழிப்பறையில் கழற்றி வைத்து மறந்துவிட்டு வந்தால், அடுத்து உள்ளே நுழைவது பத்து வயதுச் சிறுவனாக இருக்கலாம். உறுத்துகிற துப்பாக்கியைக் கை தானாகத் தேடிப் போகும், தொட்டுத் தொட்டு நகர்த்தும், கடைசியில் கழற்றி எங்காவது வைக்கும். வசதியும் பாதுகாப்பும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். அதனால்தான் எந்த முறை எந்த உடம்புக்கு, எந்த உடைக்கு, எந்த வேலைக்குப் பொருந்தும் என்று நிதானமாக ஒப்பிட வேண்டியிருக்கிறது.

## யாருக்கு இது பொருந்தும்

சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கவும் மறைத்துச் சுமக்கவும் உரிமை உள்ளவர்களுக்கு மட்டும். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். நண்பருடைய துப்பாக்கியை ரேஞ்சில் (சுடும் பயிற்சிக்களம்) வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற குறுகலான விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்கும் முன் வழக்கறிஞரைக் கேட்டே ஆக வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்த விசாத் தடை இல்லை.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதும் இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி சுமக்கலாம். 2024-க்குள் இப்படிப்பட்ட மாநிலங்கள் 29 ஆகிவிட்டன. அப்படியிருந்தும் உரிமம் எடுத்துவிடுவதே நல்லது. பக்கத்து மாநிலம் உங்களை ஏற்கவும், பள்ளியைச் சுற்றி 1,000 அடி என்ற ஃபெடரல் எல்லைக்குள் விலக்குப் பெறவும் அது கைகொடுக்கும். மாநில எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அந்த மாநிலத்தின் விதியைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லா முறைகளையும் கீழ்க்கண்ட கேள்விகளால் அளக்கலாம். முதல் இரண்டில் தோற்கிற எதையும், எவ்வளவு வசதியாக இருந்தாலும், ஒதுக்கிவிடுங்கள்.

1. ட்ரிகர் (சுடும் விசை) முழுக்க மூடப்பட்டிருக்கிறதா? வெளியிலிருந்து விரலால் அழுத்தினால்கூட ட்ரிகர் அசையக் கூடாது.
2. துப்பாக்கி உள்ளே உறுதியாக நிற்கிறதா? தோட்டா இல்லாத துப்பாக்கியை ஹோல்ஸ்டரில் போட்டு, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். விழுந்தால் அந்த ஹோல்ஸ்டர் வேண்டாம்.
3. பத்து மணி நேரம் உட்கார்ந்து, நடந்து, குனிந்து, கார் ஓட்டித் தாங்க முடிகிறதா?
4. சட்டைக்கு மேல் அதன் உருவம் தெரிகிறதா? புழக்கத்தில் இதைப் 'பிரிண்டிங்' என்பார்கள்.
5. நின்றும், சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்தும், ஒரே கையால் எடுக்க முடிகிறதா?
6. திரும்ப உள்ளே வைப்பது பாதுகாப்பா?
7. விலைச் சீட்டில் இல்லாத செலவு எவ்வளவு?

இடங்களைக் குறிக்கக் கடிகாரக் கணக்குதான் வழக்கம். தொப்புள் 12 மணி, வலது இடுப்பு 3, முதுகுத்தண்டு 6, இடது இடுப்பு 9. இனி வருவதெல்லாம் வலக்கைக்காரருக்கு. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

## முறைக்கு முன்னால்: துப்பாக்கியும் பெல்ட்டும்

கடையில் சின்னத் துப்பாக்கியைக் காட்டி "இதுதான் வசதி" என்பார்கள். பாதி உண்மை. துப்பாக்கியில் வெளியே துருத்திக் காட்டிக்கொடுப்பது குழல் அல்ல, பிடி. குழல் பேண்டுக்குள் இறங்கிவிடும். பிடிதான் பெல்ட்டுக்கு மேலே நின்று சட்டையைத் தள்ளும். ஆகவே குழல் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமல், பிடியின் உயரத்தையும் மொத்தத் தடிமனையும் பாருங்கள். குழல் மிகக் குட்டையாக இருந்தால் தொல்லைதான் கூடும். பெல்ட்டுக்குக் கீழே போதிய நீளம் இல்லாததால், மேலே இருக்கும் கனம் துப்பாக்கியை வெளிப்பக்கம் சாய்க்கும். குட்டைக் குழல் துப்பாக்கிக்கு ஓர் அங்குலம் நீளமான ஹோல்ஸ்டர் வாங்குவது இதனால்தான்.

எடைக்கு ஓர் அளவு: க்ளாக் 19, பதினைந்து தோட்டா மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) நிரம்பியிருக்கும்போது சுமார் 850 கிராம், தடிமன் 34 மில்லிமீட்டர். 2018-இல் வந்த சிக் சாவர் பி365, பத்துத் தோட்டா மேகசினுடன் நிரம்பியிருந்தால் 650 கிராமுக்குள், தடிமன் 27 மில்லிமீட்டர் அளவு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர் ஐந்து தோட்டாக்களோடு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கீழே. ரூகர் எல்சிபி 350 கிராம் அளவுதான். இலேசானதையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் இலேசான துப்பாக்கி சுடும்போது கையில் அதிகமாக அறையும், அதனால் பயிற்சிக்குப் போகவே மனம் வராது. பயிற்சி இல்லாத கையில் எந்தத் துப்பாக்கியும் ஆபத்துதான்.

பெல்ட்டில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். ஆபீஸுக்குப் போடும் மெல்லிய தோல் பெல்ட் 700 கிராமைத் தாங்காமல் மடங்கும். துப்பாக்கி முன்னே சாயும், நீங்கள் பெல்ட்டை இறுக்குவீர்கள், மாலையில் இடுப்பெலும்பில் சிவந்த கோடு விழுந்திருக்கும். பலரும் ஹோல்ஸ்டரைத் திட்டுகிற வலி உண்மையில் பெல்ட் கொடுத்த வலி. ஒன்றரை அங்குல அகலம், உள்ளே விறைப்பான பட்டை, இந்த இரண்டும் இருந்தால் பெல்ட்டை இறுக்கவே வேண்டியதில்லை. அத்தோடு துளைகளையும் கவனியுங்கள். சாதாரண பெல்ட்டில் துளைக்குத் துளை ஓர் அங்குலம். ஒன்றில் மூச்சு முட்டும், அடுத்ததில் துப்பாக்கி ஆடும். பல்வரிசை வைத்த ராட்செட் பெல்ட்டில் கால் அங்குலம் கால் அங்குலமாகத் தளர்த்தலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கால் அங்குலத்தின் அருமை புரியும். நல்ல பெல்ட் சுமார் 50 முதல் 90 டாலர். இடுப்புக்குள் வைப்பவர்களுக்குப் பேண்டும் ஓரிரு அங்குலம் பெரிதாக வேண்டும். அதாவது பேண்டு அலமாரியே மாறும். முதல் மறைமுகச் செலவு இதுதான்.

## இடுப்புக்குள், பக்கவாட்டில் (3 முதல் 5 மணி)

புதிதாகத் தொடங்குபவருக்குப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். ஹோல்ஸ்டர் பேண்டுக்கும் உடம்புக்கும் நடுவில், வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் உட்காரும். கீழ்ப்பாதியைப் பேண்டு மறைக்கும், மேல்பாதியைச் சட்டை மறைக்கும்.

நடக்கவும் நிற்கவும் நிம்மதி. தொந்தி உள்ளவர்களுக்கும் வயிறு அழுந்தாது. ஹோல்ஸ்டரை முன்பக்கமாகச் சுமார் 15 டிகிரி சாய்த்து மாட்டினால் பிடியின் முனை முதுகின் வளைவோடு ஒட்டிக்கொள்ளும். நேராக மாட்டினால் சட்டையின் பின்புறத்தில் கூரான முக்கோணம் தெரியும்.

தோற்கும் இடம் கார். அமெரிக்கக் காரில் ஓட்டுநரின் சீட் பெல்ட் கொக்கி வலது இடுப்பருகேதான் மாட்டுகிறது, அதாவது துப்பாக்கி இருக்கும் அதே இடத்தில். சீட்டின் பக்கவாட்டுத் திண்டும் பிடியை விலாவுக்குள் தள்ளும். தினமும் ஒரு மணி நேரம் ஹைவேயில் இருப்பவருக்கு இது பெரிய குறை. குனிந்து கீழ்த் தட்டிலிருந்து அரிசி மூட்டை எடுக்கும்போது சட்டை ஏறிப் பிடி தெரிந்துவிடும். இடுப்பை மடக்காமல் முழங்காலை மடக்கி உட்காரப் பழக வேண்டும்.

பெண்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இடை குறுகி இடுப்பு அகலும் உடல்வாகில் ஹோல்ஸ்டரின் கீழ்ப்பகுதி வெளியே தள்ளப்பட்டு, பிடி விலாவுக்குள் குத்தும். ஆண்களுக்காகச் செய்த ஹோல்ஸ்டரை அப்படியே மாட்டிக்கொண்டு "எனக்கு ஒத்துவரவில்லை" என்று கைவிடுபவர்கள் நிறைய. அவர்களுக்கு முன்பக்க முறைதான் பெரும்பாலும் சரிவரும்.

6 மணிக்கு, அதாவது நடு முதுகில், வைக்கவே வேண்டாம். வழுக்கி மல்லாந்து விழுந்தால் முதுகுத்தண்டுக்கும் தரைக்கும் நடுவில் இரும்புத் துண்டு இருக்கும். பின்னால் யாராவது தொட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

கைடெக்ஸ் ஹோல்ஸ்டர் 60 முதல் 100 டாலர். இது சூடாக்கி வார்த்த கெட்டிப் பிளாஸ்டிக், வேர்வை உறிஞ்சாது, துடைத்தால் போதும். தோல் உடம்புக்கு இதமானது. ஆனால் ஹூஸ்டன் வெயிலில் இரண்டு கோடைக்காலம் வேர்வை குடித்த தோல் தளர்ந்து, வாய்ப்பகுதி உள்ளே மடியத் தொடங்கும். அந்த மடிப்பு ட்ரிகர் கார்டுக்குள் (ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையம்) நுழைந்தால், துப்பாக்கியை உள்ளே தள்ளும்போதே வெடிக்கும். தோல்தான் வேண்டும் என்பவர்கள் வாயில் உலோகப் பட்டை தைத்ததை வாங்குங்கள். வாய் தளர்ந்த அன்றே தூக்கிப் போடுங்கள்.

## இடுப்புக்குள், முன்பக்கம் (12 முதல் 2 மணி)

'அப்பெண்டிக்ஸ் கேரி' என்பது இதுதான், குடல்வால் இருக்கும் பக்கத்தில் என்பதால் அந்தப் பெயர். இன்றைய மெல்லிய துப்பாக்கிகளோடு சேர்ந்து இது பரவியது. மறைப்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. சட்டை முன்பக்கம் எப்போதும் தளர்ந்து தொங்கும், குனிந்தாலும் பின்னால் எதுவும் தெரியாது. கூட்டத்தில் இரண்டு கையாலும் அதைக் காத்துக்கொள்ளலாம்.

முதல் நாளில் பெரும்பாலோர் வெறுப்பதும் இதைத்தான். உட்காரும்போது கடைசி விலாவுக்கும் தொடை மடிப்புக்கும் இடையே உள்ள தூரம் சுருங்குகிறது. அந்தச் சின்ன இடத்தில் ஒரு விறைப்பான பொருளைச் செருகினால் மேல்முனை வயிற்றிலும் கீழ்முனை அடிவயிற்றிலும் குத்தத்தானே செய்யும்? இதற்கு வழி, ஹோல்ஸ்டரில் இருக்கும் இரண்டு சின்னப் பாகங்கள்.

ஒன்று, கொக்கிச் சிறகு. ட்ரிகர் கார்டுக்கு அருகில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைவிரல் அளவுப் பிளாஸ்டிக். பெல்ட் இதன்மேல் அழுத்தும்போது ஹோல்ஸ்டர் தன் அச்சில் இலேசாகத் திரும்பி, பிடியை உடம்போடு ஒட்டவைக்கும். இன்னொன்று, ஆப்பு. ஹோல்ஸ்டரின் கீழ்முனையில், உடம்பை ஒட்டிய பக்கத்தில் ஒட்டும் மெத்தென்ற ஃபோம் துண்டு. அது கீழ்முனையை வெளியே தள்ளும், அதனால் மேல்முனை உள்ளே சாயும். கூரான முனைக்குப் பதில் இரண்டு விரல் அகல மெத்தை உடம்பில் படுவதால் குத்தலும் குறையும். ஷூவுக்குள் வைக்கும் ஜெல் துண்டை வெட்டி ஒட்டியே இதைச் சோதித்துப் பார்க்கலாம். அரை அங்குலத் தடிமனில் தொடங்குங்கள். பிடி வெளியே சாய்ந்தால் தடிமனைக் கூட்டுங்கள், அடிவயிறு அழுந்தினால் குறையுங்கள்.

அப்படியும் குத்தினால் வரிசையாக இவற்றைச் செய்து பாருங்கள்: ஹோல்ஸ்டரை ஒரு திருகு மேலே ஏற்றுங்கள். ஒரு விரற்கடை இடமோ வலமோ நகர்த்துங்கள். பேண்டை இழுத்து மேலே கட்டாமல் தொப்புளுக்குக் கீழே விடுங்கள். கார் சீட்டை இரண்டு சொடுக்கு பின்னால் சாயுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். ஒரு நாளுக்கு ஒரு மாற்றம் போதும்.

இந்த முறையின் உண்மையான விலை வேறு. குழல் முனை தொடையின் பெரிய ரத்தக்குழாயை நோக்கியே இருக்கிறது. விபத்து பெரும்பாலும் நடப்பது சுமக்கும்போது அல்ல, எடுத்ததைத் திரும்ப உள்ளே வைக்கும்போது. சட்டை நுனியோ ஜாக்கெட்டின் கயிற்றுக் குமிழோ ட்ரிகர் கார்டுக்குள் சிக்க, மேலிருந்து கை அழுத்த, வெடித்துவிடும். அந்தக் குமிழ் பட்டாணி அளவுதான் இருக்கும், ஆனால் ட்ரிகரைப் பின்னே தள்ள அது போதும். ஆகவே சட்டையை இடக்கையால் மார்பு வரை தூக்கிப் பிடித்து, இடுப்பை முன்னே தள்ளி மேலுடலைப் பின்னே சாய்த்து, ஹோல்ஸ்டரின் வாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாக வையுங்கள். சிறு தடை தென்பட்டாலும் அழுத்தாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். வேகமாக எடுக்க ஒரு காரணம் இருக்கலாம், வேகமாக உள்ளே வைக்க ஒரு காரணமும் இல்லை. வீட்டில் மாட்டும்போது இன்னும் எளிய வழி உண்டு: துப்பாக்கியை முதலில் ஹோல்ஸ்டரில் பொருத்தி, ஹோல்ஸ்டரோடு சேர்த்துப் பேண்டுக்குள் செருகிக் கொக்கியை மாட்டுங்கள். கழற்றும்போதும் அப்படியே.

பெருந்தொந்தி உள்ளவர்களுக்கும், நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்பவர்களுக்கும் இது சரிப்படாமல் போகலாம். ஒல்லியானவர்கள், கார் ஓட்டுபவர்கள், சட்டையைத் தொங்கவிட்டு அணிபவர்கள் இதையே எடுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் தூக்குபவர்கள் மட்டும் யோசியுங்கள். குழந்தையின் கால் சரியாக அந்த இடத்தில் உதைத்துச் சட்டையை மேலேற்றும்.

## பெல்ட்டுக்கு வெளியே

உடம்புக்கு இதைவிட இதமான முறை கிடையாது. பேண்டு அளவு மாற வேண்டாம், தோலில் உரசாது, எடுக்கவும் வைக்கவும் சுலபம். மறைப்பதுதான் கஷ்டம். கை உயர்த்தினால் சட்டைக்குக் கீழே ஹோல்ஸ்டர் எட்டிப் பார்க்கும். டென்வர் குளிரில் ஜாக்கெட்டோடு ஆறு மாதம் இருப்பவருக்கு அருமையாக இருக்கும். டாலஸ் ஜூலையில் அதற்காகவே மேல்சட்டை போட்டுப் புழுங்க வேண்டியிருக்கும். தட்டையாக உடம்போடு வளையும் பேன்கேக் வகையை வாங்குங்கள், பேண்டுக்குள் துடுப்புபோல் செருகும் ஒற்றைக் கொக்கி வைத்தது வேண்டாம்.

## பாக்கெட்டில்

ரூகர் எல்சிபி அளவுத் துப்பாக்கிக்கோ, மேலே சொன்ன 642 போன்ற சின்ன ஜே-ஃப்ரேம் ரிவால்வருக்கோ உரிய வழி. பெல்ட்டே வேண்டாம், அரைக்கால் பேண்டிலும் நடக்கும். ஹோல்ஸ்டரும் 20 முதல் 40 டாலர்தான். நின்றபடி பேசும்போது கை பாக்கெட்டுக்குள் இயல்பாகவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

இங்கே தளரக் கூடாத விதி இரண்டு. பாக்கெட் ஹோல்ஸ்டர் இல்லாமல் வெறுமனே போடக் கூடாது. அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும், சாவியோ நாணயமோ பேனாவோ, இருக்கக் கூடாது. சாவி ட்ரிகர் கார்டுக்குள் நுழைவது கற்பனை அல்ல. ஹோல்ஸ்டரின் ஓரத்தில் ஒரு கொம்பு இருக்க வேண்டும். எடுக்கும்போது அது பாக்கெட் விளிம்பில் மாட்டி ஹோல்ஸ்டரை உள்ளேயே நிறுத்தும். அது இல்லாவிட்டால் ஹோல்ஸ்டரோடு சேர்ந்தே கைக்கு வரும்.

உட்கார்ந்தால் எடுக்க முடியாது, காரில் அறவே முடியாது. நூல்தூசி வாரம் தவறாமல் சேரும். ஞாயிறுதோறும் தோட்டாக்களைக் கழற்றிவிட்டு, மேகசின் செருகும் குழியையும் குழலையும் டார்ச் அடித்துப் பார்த்துத் துடையுங்கள். ஓடும்போது தொடையில் அடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கடைக்குப் பத்து நிமிடம் நடந்து போய்வருபவருக்கும் டை கட்டி ஆபீஸ் போகிறவருக்கும் நல்லது. முழுநாள் முதன்மை வழியாக நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## வயிற்றுப் பட்டை

நான்கு அங்குல அகல எலாஸ்டிக் பட்டை, அதிலேயே ஹோல்ஸ்டர் தைத்திருக்கும். பெல்ட் கோர்க்க இடமில்லாத உடைகளுக்கு இடுப்பில் வைக்க இதுதான் வழி. நாடா வைத்த சுடிதார், எலாஸ்டிக் பேண்டு, ட்ராக் சூட் அணிபவர்கள் இதைத்தான் தேடி வருகிறார்கள். நீளக் குர்த்தா உண்மையில் எந்த டி-ஷர்ட்டையும்விட நன்றாக மறைக்கும். பக்கவாட்டுப் பிளவு மட்டும் எங்கே முடிகிறது என்று பாருங்கள். பிளவின் மேல்முனைக்கு மேலே துப்பாக்கி இருந்தால் காற்றடித்தாலும் தெரியாது. ஆனால் குர்த்தாவைக் கீழிருந்து முழுக்கத் தூக்கினால்தான் கை எட்டும், அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

வெறும் துணி உறை மட்டும் உள்ள பட்டையை வாங்காதீர்கள். துணிக்கு மேல் அழுத்தினாலே ட்ரிகர் நகரும். ட்ரிகரை மூடும் கெட்டியான கைடெக்ஸ் ஓடு உள்ளே இருக்க வேண்டும். எடுத்தபின் உறையின் வாய் சுருங்கிவிடுவதால், பட்டை உடம்பில் இருக்கும்போது திரும்ப வைக்கவே கூடாது. கழற்றி, மேசைமேல் வைத்து, உள்ளே பொருத்தி, மறுபடி அணியுங்கள். வேர்வை இன்னொரு தொல்லை. உள்ளே மெல்லிய பனியன் போடாவிட்டால் நான்காவது மணியில் அரிக்கத் தொடங்கும். தினம் துவைக்க இரண்டு பட்டைகள் வேண்டும், ஆறு மாதத்தில் எலாஸ்டிக் தளரும். விலை 40 டாலர் என்று பார்த்தது ஆண்டுக்கு 160 ஆகும்.

புடவைக்கு நேர்மையான பதில்: எந்த முறையும் ஒத்துவராது. இடை தெரியும் உடை, பாவாடை நாடா கனத்தைத் தாங்காது. புடவை கட்டும் நாளில் வீட்டுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள். கோயில் நாளுக்கும் அதே யோசனைதான். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, விழுந்து கும்பிட்டு, குழந்தைகள் மடியில் ஏறும் இடம் அது. சட்டம் அனுமதிக்கிற மாநிலத்தில்கூட நிர்வாகம் தடை அறிவிப்பு வைத்திருக்கலாம்.

## கணுக்காலும் தோளும்

கணுக்கால் ஹோல்ஸ்டர் உட்கார்ந்தபடி வேலை பார்ப்பவருக்கும் ஓட்டுநருக்கும் கைக்கு எட்டும். நிற்பவருக்கு ஒரு காலை மடக்கிக் குனிய வேண்டும். அரைக் கிலோவை ஒரே காலில் கட்டிக்கொண்டு நடப்பதால் முதல் வாரம் நடை நொண்டும். இரண்டாவது துப்பாக்கிக்கு ஏற்ற இடம், முதலாவதற்கு அல்ல.

தோள் ஹோல்ஸ்டர் கனத்தை முதுகு முழுக்கப் பரப்புவதால் இடுப்பு வலி உள்ளவர்களுக்கு வரம். ஆனால் ஜாக்கெட்டைக் கழற்றவே முடியாது. கிடைமட்டமாக மாட்டும் வகையில் குழல் எப்போதும் பின்னால் நிற்பவரை நோக்கியிருக்கும், எடுக்கும்போது உங்கள் இடக்கையையும் கடந்து வரும். செங்குத்து வகை பரவாயில்லை.

## பையில்

வசதி என்றால் முழு வசதி. உடம்பில் எதுவும் இல்லை, எந்த உடையும் அணியலாம். இதைத்தான் பலரும் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள், இதையே நான் கடைசியில் வைக்கிறேன்.

2014 டிசம்பர் 30, ஐடஹோ மாநிலத்தின் ஹேடன். கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை அவருடைய இரண்டு வயது மகன் எடுத்தான். வெடித்ததில் தாய் இறந்தார். துப்பாக்கிக்கென்றே ஜிப் வைத்த பை அது. பை உங்கள் உடம்பின் பகுதி அல்ல. தள்ளுவண்டியில் இருக்கும், நாற்காலியில் தொங்கும், கழிப்பறைக் கொக்கியில் மாட்டும், திருடன் பறிப்பதும் அதையே.

மறதியும் உண்டு. 2023-இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனை வாயில்களில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலானவற்றில் தோட்டா நிரம்பியிருந்தது. "பையில் இருந்ததே மறந்துவிட்டது" என்பது அங்கே எடுபடாது. அபராதம் ஆயிரக்கணக்கான டாலர்.

உடல்நிலை காரணமாக வேறு வழியே இல்லாதவர்கள், துப்பாக்கிக்குத் தனி அறை, அதற்குள் கெட்டி ஹோல்ஸ்டர், பூட்டும் ஜிப், குறுக்கே போடும் வெட்டமுடியாத வார் ஆகிய நான்கும் உள்ள பையை மட்டும் வாங்குங்கள். பை தோளை விட்டு இறங்கவே கூடாது. வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் இந்த முறையே வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| முறை | நீண்ட நேர வசதி | மறைப்பு | காரில் எடுக்க | திரும்ப வைக்க | தோராயச் செலவு (பெல்ட் தவிர, டாலர்) | யாருக்கு |
|---|---|---|---|---|---|---|
| இடுப்புக்குள், பக்கம் | நல்லது, காரில் குறைவு | நல்லது | கடினம் | சுலபம் | 60–100 | நடப்பவர், நிற்பவர், புதியவர் |
| இடுப்புக்குள், முன் | சரிசெய்தபின் மிக நல்லது | மிக நல்லது | சுலபம் | மிகுந்த கவனம் | 70–110 | ஒல்லியானவர், ஓட்டுநர் |
| பெல்ட்டுக்கு வெளியே | மிக நல்லது | குறைவு | சுமார் | மிகச் சுலபம் | 60–150 | குளிர் பிரதேசம், ஜாக்கெட் |
| பாக்கெட் | நல்லது | நல்லது | முடியாது | கழற்றி வைக்கவும் | 20–40 | சிறு நேரம் வெளியே போக |
| வயிற்றுப் பட்டை | வேர்வை வரை நல்லது | நல்லது | சுமார் | உடம்பில் வைத்துக் கூடாது | 30–70 | சுடிதார், ட்ராக் சூட் |
| கணுக்கால் | சுமார் | நல்லது | சுலபம் | மெதுவாக | 40–130 | உட்கார்ந்த வேலை |
| தோள் | நல்லது | ஜாக்கெட் வேண்டும் | சுலபம் | கடினம் | 80–200 | இடுப்பு வலி |
| பை | முழு வசதி | நல்லது | பை இருக்கும் இடத்தைப் பொறுத்து | மெதுவாக | 80–200 | வேறு வழியில்லாதவர் |

## முடிவெடுக்கும் முன் இரண்டு வாரம்

தோட்டா இல்லாத துப்பாக்கியோடு வீட்டிலேயே தொடங்குங்கள். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை (குழலுக்கு மேல் முன்னும் பின்னும் நகரும் பகுதி) பின்னுக்கு இழுத்து, குழல் அறையைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிடுங்கள். முதல் மூன்று நாள் இரண்டிரண்டு மணி நேரம், பிறகு மாலை முழுக்க. சமையுங்கள், பாத்திரம் கழுவுங்கள், சோபாவில் படுங்கள், ஷூ லேஸ் கட்டுங்கள். நிறுத்தியிருக்கும் காரில் உட்கார்ந்து சீட் பெல்ட் மாட்டிப் பாருங்கள், சட்டை நுனி பெல்ட்டுக்கு மேலே வரட்டும். வலி எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். சிவந்த கோடு என்றால் பெல்ட், புள்ளியாகக் குத்தினால் ஹோல்ஸ்டரின் முனை, விரல் மரத்தாலோ தொடை மரத்தாலோ நரம்பு அழுந்துகிறது. மரத்துப்போனால் பழகிவிடும் என்று விடாமல் உடனே இடத்தை மாற்றுங்கள்.

கழிப்பறையையும் வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். பெல்ட்டை அவிழ்த்ததும் துப்பாக்கியின் கனம் பேண்டைச் சாய்க்கும், பிடி தரைப்பக்கம் கவிழும். இரண்டு விதத் தவறு நடக்கும்: துப்பாக்கியை எடுத்து எங்காவது வைப்பது, அல்லது நழுவுவதைப் பிடிக்கப் போய் விரல் ட்ரிகரில் விழுவது. சரியான வழி, ஹோல்ஸ்டரிலிருந்து எடுக்காமல், பேண்டை முழங்கால் வரை மட்டும் இறக்கி, பெல்ட் கொக்கியை முழங்காலுக்கு மேலே திரும்ப மாட்டிவிடுவது. எல்லாம் உள்ளேயே நிற்கும், பக்கத்து அறைக்காரருக்கும் தெரியாது. நழுவி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும். இன்றைய தரமான துப்பாக்கிகள் விழுந்தால் வெடிக்காதபடி செய்தவை. அவசரக் கைதான் ட்ரிகரை இழுக்கும்.

நீதிமன்றம், பள்ளி, ஃபெடரல் அலுவலகம் என்று கொண்டுபோகக் கூடாத இடங்கள் இருப்பதால் காரில் கழற்ற வேண்டிய நாளும் வரும். சீட்டின் இரும்புச் சட்டத்தோடு எஃகுக் கம்பியால் கட்டிய பூட்டுப் பெட்டி 30 முதல் 60 டாலருக்குக் கிடைக்கும், முதல் நாளே வாங்குங்கள். போய்ச் சேர்ந்த வாகன நிறுத்தத்தில் எல்லாரும் பார்க்கக் கழற்றாமல், ஒரு தெரு முன்னதாகவே நிறுத்தி, ஹோல்ஸ்டரோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். ஹோல்ஸ்டரோடு கழற்றினால் ட்ரிகர் மூடியே இருக்கும், தோட்டாவை வெளியே எடுத்துத் திரும்பப் போட வேண்டியதும் இல்லை. ஒரே தோட்டாவைத் தினமும் குழல் அறைக்குள் தள்ளித் தள்ளி எடுத்தால் அதன் ஈயமுனை கூட்டுக்குள் சிறிது சிறிதாக அமிழும். அப்படி அமிழ்ந்த தோட்டாவைச் சுட்டால் அழுத்தம் எல்லை மீறும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி குட்டையாகியிருந்தால் அதைச் சுடாமல், ரேஞ்சில் கழிவுத் தோட்டாக்களுக்கென்று வைத்திருக்கும் வாளியில் போட்டுவிடுங்கள்.